ஈயக் குழாய் நீருக்குக் காரமா, பாஸ்பேட்டா?

குடிநீரில் ஈயமும் செம்பும் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவதில்லை. வீட்டுக் குழாய்களிலிருந்தே கரைகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 1996 முதல் சோடியம் கார்பனேட்டும் கரியமில வாயுவும் சேர்த்து, மென்னீரின் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்கு மேல் காரம்) 9-க்கு மேல் உயர்த்தி அரிப்பைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

வாஷிங்டன் நகரமோ, 2000-இல் கிருமிநீக்கத்துக்குக் குளோரினை விட்டுக் குளோரமினுக்கு (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) மாறியதால் குழாய்களின் உட்புறம் படிந்திருந்த ஈய ஆக்சைடு நிலைகுலைந்து, நீரில் ஈயம் பெருகிய பிறகு, 2004-இல் பாஸ்பேட் வகையான ஆர்த்தோபாஸ்பேட்டை நாடியது. அது ஈயத்துடன் கூடி எளிதில் கரையாத படலமாகிறது. கடின நீரில் பி.எச். உயர்ந்தால் சுண்ணாம்பு படிந்து குழாய் அடைபடும் என்பதால், அங்கே பாஸ்பேட்டே பொருத்தம் என்பது என் கணிப்பு. ஆனால் கழிவுநீர் வழியே அது ஏரிகளில் பாசியை வளர்க்கும். விஸ்கான்சினின் மேடிசன் நகரம் அதற்கு அஞ்சியே, 2001 முதல் ஈயக் குழாய்களையே பெயர்த்தெடுத்தது.