நீச்சல் குளம் போட்டோவை நம்பி ரூம் போட்டு 18,400 ரூபாய் விட்டோம் (ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் போறவங்க படிங்க)

நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் மதுரை வந்து சேர்ந்தோம். கொண்டுபோன பையைக்கூட இன்னும் பிரிக்கல. சின்னவன் காதைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறான். ஆத்திரம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன். நாலு நாள் போனா "போனது போச்சு, விடு"ன்னு வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க, நானும் விட்டுடுவேன். இப்படி ஒவ்வொருத்தரும் விட்டுக்கொடுத்துத்தான் அவங்க அடுத்த குடும்பத்தையும் கூப்பிடுறாங்க.

18,400 ரூபாய். ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி, ரூமுக்கு 4,600. முழுப் பணமும் போறதுக்கு முன்னாடியே கட்டியாச்சு. நான் வீட்டுல தையல் மெஷின் போட்டிருக்கேன். லைனிங் வெச்ச ஜாக்கெட்டுக்கு 250 ரூபாய் வாங்குறேன். 18,400-ன்னா எழுபத்துநாலு ஜாக்கெட். எனக்கு அது அப்படித்தான் கணக்கு.

குளத்தைப் பார்த்து ரிசார்ட் எடுக்கும்போது என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

காலாண்டு லீவுக்கு எங்கயாவது போகணும்னு பிள்ளைங்க ஒத்தக்கால்ல நின்னாங்க. அத்தைக்கு ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆடணும்னு ரொம்ப நாள் ஆசை. பெரியவளுக்குப் பதினோரு வயசு. மே மாசம் ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியக் குளத்துல நீச்சல் கத்துக்கிட்டா, அதுல இருந்து தண்ணியைக் கண்டா கால் நிக்காது. சின்னவனுக்கு ஆறு வயசு, அக்கா செய்யிறதெல்லாம் அவனும் செய்யணும். தனுஷ்கோடிப் பக்கம் கடல்ல பிள்ளைங்களை இறக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஒரு பக்கம் பெண்கடல், ஒரு பக்கம் ஆண்கடல்னு சொல்லுவாங்க. அந்த ஆண்கடல் இழுத்தா பெரியவங்களே நிக்க முடியாது. அதனால அத்தைக்குக் கோயில், பிள்ளைங்களுக்குக் குளம்னு முடிவு பண்ணி, குளம் இருக்கற ரிசார்ட்டா தேடினோம். கோயில் பக்கத்துல சாதாரண லாட்ஜ் எடுத்திருந்தா இதுல பாதிகூட ஆகியிருக்காது. குளத்துக்காக மட்டும்தான் அவ்வளவு கொடுத்தோம்.

ஒரு ரூம் புக்கிங் ஆப்புலதான் பார்த்தேன். ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவுல ஒரு கடற்கரை ரிசார்ட். பேர் இங்க போடல, போட்டா வேற வம்பு வரும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். போட்டோவுல மூணு குளம். டால்ஃபின் படம் பதிச்ச பெரிய குளம், சறுக்கு வெச்ச குழந்தைங்க குளம், கடலைப் பார்த்த மாதிரி மொட்டை மாடியில ஒண்ணு. பெரியவ அந்த டால்ஃபினைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தா.

ஆப்புல ஒரு ரூம் 5,400 காட்டுச்சு. அதுலயே ஒரு போன் நம்பரும் இருந்துச்சு. கூப்பிட்டேன். அங்கதான் மாட்டினேன்.

எடுத்தவன் பேச்சு அப்படி இருந்துச்சு. "அக்கா, மதுரையா? நமக்கும் மாமியார் வீடு அந்தப் பக்கம்தான்க்கா. ஆப்புல போட்டா கமிஷன் அவங்களுக்குப் போகுது. நேரா போடுங்க, 4,600-க்குப் பண்ணித் தர்றேன்." குளத்துல தண்ணி இருக்கான்னு நான் கேட்டேன். இதை அழுத்திச் சொல்றேன், நான் கேக்காம இல்ல. "என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க, கண்ணாடி மாதிரி கிடக்கும். இருங்க, வீடியோ அனுப்புறேன்"னு சொல்லி ரெண்டே நிமிஷத்துல வாட்ஸ்அப்புல அனுப்பிட்டான். நீலத் தண்ணி, அடியில டால்ஃபின், ரெண்டு குழந்தைங்க குதிக்குதுங்க. ஒருத்தன் கேட்ட உடனே வீடியோ அனுப்புறான்னா மறைக்க ஒண்ணும் இல்லைன்னுதானே நினைப்போம்? அந்த வீடியோ என்னைக்கு எடுத்ததுன்னு கேக்கத் தோணல. ஜிபேல அனுப்பும்போது ரிசார்ட் பேர் வரல, தனி ஆள் பேர் வந்துச்சு. "அக்கவுன்டன்ட் நம்பர்க்கா"ன்னான். 18,400-ஐ அனுப்பிட்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்குப் போய் இறங்கினோம். பிள்ளைங்க ரூமுக்குள்ள கூட வரல, நேரா குளத்துக்கு ஓடிட்டாங்க. நான் பின்னாடி போறதுக்குள்ள பெரியவ திரும்பி வர்றா, முகம் சுண்டிப்போயிருக்கு. "அம்மா, டால்ஃபின் இருக்கு, தண்ணி இல்ல."

போய்ப் பார்த்தேன். அதே டால்ஃபின்தான். அடியில அரை அடி பச்சைத் தண்ணி, பாசி படிஞ்சு, அதுக்கு மேல வேப்பஞ்சருகும் ஒரு சிப்ஸ் கவரும் மிதக்குது. டால்ஃபினோட வால் பாசிக்குள்ள, கண்ணு மட்டும் வெளிய தெரியுது. ஏணிக் கம்பி துருப்பிடிச்சுத் தொட்டா கையில செதில் செதிலா வருது. கிட்டப் போய்க் குனிஞ்சா தண்ணியில கொசுப்புழு நெளியுது. மாடிக் குளத்துக்குப் போற கதவுல பூட்டு. குழந்தைங்க குளத்துல தண்ணி இருந்துச்சு, ஆனா கலங்கல். சறுக்கோட ஃபைபர் விளிம்பு உடைஞ்சு, பிசிறு வெளிய தெரியாம இருக்க பிளாஸ்டிக் டேப்பைச் சுத்தி வெச்சிருக்காங்க. ஒரு பிள்ளை தொடையைக் கிழிச்சுக்க அது ஒண்ணு போதும்.

ரிசப்ஷன்ல இருந்த பையன் "மெயின்டனன்ஸ் மேடம்"னான். போன்ல பேசினவனைக் கூப்பிட்டா, முந்தாநாள் வரைக்கும் அக்கா, இப்ப மேடம். "மேடம், ஈவ்னிங் ரெடி ஆயிடும்." சாயங்காலம் கூப்பிட்டா "மேடம், காலையில கண்டிப்பா." எங்க வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுங்க, வேற இடம் பார்த்துக்கறோம்னார். "சார், மேனேஜர் வரணும்." மேனேஜர் எங்க? "ஓனரைப் பார்க்கச் சென்னை போயிருக்கார்." அதோட போனை எடுக்கறது நின்னுபோச்சு.

உண்மையைச் சொன்னது அங்க இருந்த வாட்ச்மேன் பெரியவர்தான். ராத்திரி சாப்பிட்டுட்டு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன், அவரா வந்து பேசினார். "தாயி, இங்கன போர் போட்டா உப்புத் தண்ணிதான். நல்ல தண்ணி லாரியில வரணும். இந்தப் பெரிய குளத்தை ரொப்ப ஏழெட்டு லாரி வேணும். மோட்டாரு வைகாசியிலயே எரிஞ்சுபோச்சு. கல்யாணம் காச்சின்னு மொத்தமா ரூம் எடுத்தா அன்னைக்கு ரொப்புவாக. உங்களைமாரி நாலு பேருக்கு ரொப்ப மாட்டாக."

அவர் சொன்னதை அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாப்பதுக்கு இருபது அடி, நாலடி ஆழம்னு வெச்சா கிட்டத்தட்ட 90,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஏழரை. தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்னு ஆபீசருங்களை மிரட்டுவாங்களே, அது இந்த ஜில்லாவைத்தானே சொல்லுவாங்க. ஊர் ஜனங்களே காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோட நிக்கிற இடத்துல, மூணு குளமும் எந்நேரமும் தளும்பும்னு ஒருத்தன் சொல்றான், நானும் நம்பியிருக்கேன். வடிகட்டுற மோட்டார் தினமும் ஓடி, அளவா க்ளோரினும் போட்டா அதே தண்ணியை மாசக்கணக்கா சுத்தமா வெச்சுக்கலாமாம், குறையிறதை மட்டும் அப்பப்ப ஊத்தினாப் போதுமாம். மோட்டாரை நிறுத்தினா அந்த வெயிலுக்கு ரெண்டு மூணு நாள்ல பச்சைதான். எல்லாம் தெரிஞ்சேதான் வீடியோ அனுப்பியிருக்காங்க.

மறுநாள் காலையில நடந்ததைத்தான் என்னால மன்னிக்க முடியல. விடியக்காலம் அத்தையும் அவரும் தீர்த்தம் ஆடக் கோயிலுக்குப் போயிட்டாங்க. ஏழு மணிக்கு ரிசப்ஷன் பையன் கதவைத் தட்டி "கிட்ஸ் பூல் ரெடி மேடம்"னான். போனா, கலங்கலா இருந்த தண்ணி வெள்ளையா, அரிசி கழுவின கழுநீர் மாதிரி இருக்கு. மூக்கை அடைக்கிற நெடி. ஓரத்துல பிளீச்சிங் பவுடர் கட்டி கட்டியாக் கரையாம கிடக்கு. பெரியவ நின்னுட்டா. "அம்மா, அடி தெரியலைன்னா இறங்கக் கூடாதுன்னு கோச் சார் சொல்லியிருக்கார்." அந்தப் பையன் சிரிச்சான். "க்ளோரின் போட்டா அப்படித்தான் பாப்பா இருக்கும், நல்லாக் கிளீன் ஆயிருச்சுன்னு அர்த்தம்." நான் யோசிச்சுக்கிட்டு நிக்கும்போதே சின்னவன் இறங்கிட்டான். நேத்துல இருந்து ஏங்கிப்போன பிள்ளை. இருபது நிமிஷம் விட்டேன். என் மகளுக்கு இருந்த புத்தி எனக்கு அந்த நேரத்துல இல்லாமப் போச்சேன்னு இப்ப வரைக்கும் வயிறு எரியுது.

வெளிய வரும்போது கண்ணு ரெண்டும் மிளகாய்ப் பழம். தோளெல்லாம் தடிப்பு, சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். நல்ல தண்ணியில ரெண்டு தடவை குளிப்பாட்டினேன். இன்னைக்குக் காலையில இங்க காது டாக்டர்கிட்ட காட்டினோம். "எங்க குளிச்சான்?"னுதான் முதல்ல கேட்டார். காதுக்குள்ள வீங்கியிருக்காம். சொட்டு மருந்து, ஏழு நாளைக்குக் காதுல தண்ணி படக் கூடாது. இந்தச் செலவு அந்த 18,400-க்கு மேல.

அன்னைக்கு மத்தியானம் பிள்ளைங்களை அரியமான் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனோம். சவுக்குத் தோப்பு நிழல், அலையே இல்லாத கடல், பெரியவ இடுப்பளவுத் தண்ணியில நின்னு விளையாடினா. சின்னவனை நான் இறங்க விடல, கரையில உக்காந்து அழுதான்.

கிளம்புற அன்னைக்கு மேனேஜர்னு ஒருத்தர் வந்தார். சென்னை போனவர் மாதிரித் தெரியல. "பூல் காம்ப்ளிமென்டரி மேடம், உங்க வாடகை ரூமுக்குத்தான்." பில் கேட்டேன். லெட்டர்பேடு இல்லாத ஒரு துண்டுச் சீட்டுல 18,400-ன்னு எழுதி நீட்டினார். ஜிஎஸ்டி நம்பர் இல்ல, முத்திரை இல்ல. ஆப் கஸ்டமர் கேர்ல கேட்டா, "உங்க பேர்ல எங்ககிட்ட புக்கிங்கே இல்லையே மேடம்." நேராப் பணம் கட்டினதால அவங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லையாம். பேங்க்ல கேட்டா, நீங்களா அனுப்பின பணம், நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. 800 ரூபாய் குறைச்சுத் தர்றேன்னு என்னை ஆப்புல இருந்து வெளிய இழுத்தது எதுக்குன்னு அப்பத்தான் விளங்குச்சு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன். சின்னவன் முழிச்சு அழறான், மருந்து விடணும். அவசரத்துக்கு இதை மட்டும் படிச்சுக்கோங்க. போட்டோ, வீடியோ எதையும் நம்பாதீங்க. வீடியோ கால் போட்டு அப்பவே குளத்தோரத்துல நிக்கச் சொல்லி, அடியில இருக்கற வடிகால் மூடி தெரியுதான்னு பாருங்க. குளத்துக்குத் தண்ணி எங்க இருந்து வருது, மோட்டார் ஓடுதான்னு கேளுங்க, பதில் இழுத்தா விட்டுடுங்க. தனி ஆள் நம்பருக்கு முழுப் பணம் அனுப்பாதீங்க. நெடி தூக்குற தண்ணியிலயும் கலங்கின தண்ணியிலயும் பிள்ளைங்களை இறக்காதீங்க, யார் என்ன சொன்னாலும்.

1915-ல நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சுட்டேன். அந்த டால்ஃபின் குளத்தோட போட்டோ, வாட்ஸ்அப் வீடியோ, துண்டுச் சீட்டு எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கேன். அதுல ஒண்ணும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருக்கோம்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே அவன்கிட்ட இருந்து மெசேஜ் வந்திருக்கு. மறுபடியும் அக்கா ஆயிட்டேன். "அக்கா ரிவ்யூ எதுவும் போட்டுறாதீங்க, 2,000 அனுப்பி விடுறேன்." 18,400-க்கு 2,000. பதில் போடல.