ஹோல்ல வச்ச லினக்ஸ் கேமிங் பெட்டி: ரெண்டு வருசம் பாவிச்ச பிறகு

2024 தைப்பொங்கல் லீவில கேம் விளையாடக் கட்டின பிசி இது, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் எண்ட இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டத்தில ஓடுது, ரெண்டு வருசம் தாண்டியும் எங்கட வீட்டு ஹோல்ல டிவிக்குக் கீழ ஓடிக்கொண்டுதான் இருக்கு. வீடு திருகோணமலை டவுனுக்குள்ள, டச்சுக்குடா கடற்கரைக்கு நடந்து அஞ்சு நிமிசம். கட்டின கிழமையே எழுதியிருக்கலாம், ஆனா எனக்குத் தெரிய வேண்டி இருந்தது ஒண்டே ஒண்டுதான், நான் வீட்டில இல்லாத நேரம் இது ஓடுமா எண்டு. எனக்கு வேலை கொழும்பில, மாசத்தில ரெண்டு தரம்தான் ராத்திரி ரயிலில வாறனான், மிச்ச நாளெல்லாம் பெட்டி தம்பியின்ர கையிலயும் அப்பான்ர கையிலயும்தான். அதால அவசரப்படாம விட்டனான்.

உள்ளுக்க இருக்கிறது ரைசன் 5 5600 சிபியு, ஏஎம்டியின்ர ஆர்எக்ஸ் 6600 எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, பி550 போர்ட், 550 வோட் பவர் சப்ளை. எல்லாம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது, கேஸ மடியில வச்சுக்கொண்டுதான் ரயிலில வந்தனான். ஏஎம்டி கார்ட் ஏன் எண்டு கனபேர் கேக்கிறவை, அதுக்குக் காரணம் ட்ரைவர் லினக்ஸின்ர அடிப்படையான கேர்னலோடயும் மெசா எண்ட கிராபிக்ஸ் சொஃப்ட்வேரோடயும் சேந்தே வருது, தனியா ஒண்டும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்ல, பெட்டிய ஓன் பண்ணினவுடன டிவி முழுக்க ஸ்டீம் (வால்வ் கம்பனியின்ர கேம் கடை) மட்டும் வாற அந்தக் கேம் மோட் ஏஎம்டியிலதான் கரைச்சல் குறைவு.

ஓஎஸ் (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) பஸைட் எண்ட லினக்ஸ். இப்ப இருக்கிற ஸ்டீம் ஓஎஸ்ஸ வால்வ் தன்ர கைக் கேம் மெசின் ஸ்டீம் டெக்குக்காகச் செய்தது, பஸைட் அதே மாதிரி முகத்தோட ஃபெடோரா எண்ட இன்னொரு லினக்ஸுக்கு மேல கட்டினது, சாதாரண பிசியில போடலாம். இதில எனக்கு ஆகப் பிடிச்ச விசயம் சிஸ்டம் முழுக்க ஒரே இமேஜா (ஒரே பொதியா) இருக்கிறது. அப்டேட் எண்டா புது இமேஜ் பின்னால இறங்கும், அடுத்த ரீபூட்டில மாறும், பழசு அழியாம அப்பிடியே இருக்கும். போன வருசம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு டிவியில சத்தம் நிண்டிட்டு, தம்பி ராத்திரி ஒன்பது மணிக்கு கோல் எடுத்து "அண்ணா படம் வருது சத்தம் வரேல்ல" எண்டான். கீபோர்ட கொழுவி ரீஸ்டார்ட் பண்ணு, ஒரு கறுப்பு மெனு வரும், அதில ரெண்டாவது லைன எடு எண்டு சொன்னன், அவ்வளவுதான், அஞ்சு நிமிசத்தில சத்தம் வந்திட்டு. கம்ப்யூட்டர் தெரியாத ஒரு பதினாலு வயசுப் பெடியன் போனில கேட்டுக்கொண்டே சிஸ்டத்தை முந்தின நாளுக்குத் திருப்பினவன், அண்டைக்குத்தான் இந்தப் பெட்டியில எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலமை, நாடு முழுக்க கரண்ட் போச்சே, அந்த நேரம் தம்பி கேம் நடுவில. யூபிஎஸ் அப்ப இல்ல. கரண்ட் வந்த பிறகு பெட்டி ஒரு பிழையும் இல்லாம எழும்பிச்சு, பைல் சிஸ்டம் (டிஸ்க்கில பைல் எழுதி வைக்கிற முறை) பிடிஆர்எஃப்எஸ், எழுதேக்க பழசுக்கு மேல எழுதாம புது இடத்தில எழுதிறபடியா இப்பிடித் திடீரெண்டு நிண்டாலும் தாங்கும். ஆனா அவன் சேவ் பண்ணாத அரை மணித்தியால ஆட்டம் போனது போனதுதான். அடுத்த மாசமே யூபிஎஸ் ஒண்டு வாங்கிப் போட்டனான், ஐப்பசி கார்த்திகையில இடி மின்னல் நேரம் அதையும் சேத்து பிளக்கக் கழட்டி வைக்கச் சொல்லி வச்சிருக்கிறன்.

கேம் விசயத்துக்கு வருவம். விண்டோஸ் கேம் லினக்ஸில ஓடுறது ஸ்டீமோட வாற ப்ரோட்டோன் எண்ட சொஃப்ட்வேராலதான், 2018 இல வால்வ் வெளிவிட்டது, விண்டோஸின்ர கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸில கேம் கேக்கிறத எல்லாம் லினக்ஸுக்கு விளங்கிற வல்கனா மாத்திக் குடுக்கும். தனி ஆளா விளையாடுற கேமில எங்களுக்கு இது வரைக்கும் ஓடாம விட்டது ஒண்டும் இல்ல, எல்டன் ரிங் ஒன்லைனோட சேத்து ஓடுது. பிரச்சினை அன்டி சீட், ஒன்லைன் கேமில கள்ளம் பண்ணுறதத் தடுக்கிற சொஃப்ட்வேர். வலோரன்ட் ஓடாது, ஃபோர்ட்நைட் ஓடாது, ஏபெக்ஸ் முந்தி ஓடினது 2024 கடைசியில லினக்ஸை நிப்பாட்டிட்டினம், ஈஏ எஃப்சி ஃபுட்போல் கேம் புதுசுகளும் அதே கதைதான். தம்பியின்ர கூட்டாளிமார் எல்லாம் எஃப்சி விளையாடுறவங்கள், அவன் அதுக்காக அவங்கட வீட்டுக்குப் போறான், இதை நான் கட்ட முதலே அவனிட்ட இருந்து கேட்டு வச்சிருக்கோணும். உங்கட வீட்டில விளையாடுறது இதுகள் எண்டா விண்டோஸே போடுங்கோ, மனச மாத்தப் பாக்காதேங்கோ.

பழைய விண்டோஸ் எக்ஸ்டேர்னல் ட்ரைவில இருந்த கேமுகள நேர அப்பிடியே ஓட்டப் பாத்தும் சரிவரேல்ல. ப்ரோட்டோன் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் சி ட்ரைவ் உண்டாக்கும், அதில 'சி:' எண்டு கோலன் வச்ச பேரில லிங்க் வரும், விண்டோஸ் ட்ரைவின்ர பைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸுக்கு அது ஒத்து வராது. எல்லாத்தையும் உள் டிஸ்க்குக்கு மாத்தின பிறகுதான் நிம்மதி.

டேட்டாவும் ஒரு தலையிடிதான். எங்கட பேக்கேஜில பகல் டேட்டா கொஞ்சம், ராத்திரி டேட்டா கனக்க, ஸ்டீமோ கேம் அப்டேட்டோட சேத்து ஷேடர் கேஷையும் (கார்டுக்கு முன்கூட்டியே தயாரிச்ச கிராபிக்ஸ் பைல்) அடிக்கடி இறக்கிக்கொண்டே இருக்கும். ஷேடர் ப்ரீ கேஷிங்க நிப்பாட்டினன், அப்டேட்டுக்கு ராத்திரி நேரத்தைக் குடுத்தன், இப்ப மாசக் கடைசி வரைக்கும் காணுது. பெரிய கேம் எண்டா மச்சான்ர லப்டொப்பில இருந்து நெட்வேர்க் வயரால நேர எடுக்கிறது, ஸ்டீமே ஒரே வீட்டு நெட்வேர்க்கில ஒரு மெசினில இருந்து மற்ற மெசினுக்குக் கொப்பி பண்ண விடும், ஒரு எம்பியும் வெளியில இருந்து போகாது.

அப்பான்ர ஒரே முறைப்பாடு "மகன், டிவிக்கு ஒரு ரிமோட், இதுக்கு ஒரு ஜோய்ஸ்டிக், ரெண்டையும் எதுக்குத் தேடுறது?" எண்டது. அவர் சொல்லுறது நியாயம். இந்தக் கார்ட் எச்டிஎம்ஐயால டிவிய ஓன் பண்ணாது, கொன்சோல் மாதிரி எல்லாம் ஒரே பட்டனில வராது. கொன்ட்ரோலர் டொங்கிளோட வந்தபடியா பயோஸில (போர்டின்ர செட்டிங்கில) யூஎஸ்பி வேக் ஓன் பண்ணி வச்சனான், ஹோம் பட்டன அமத்தினா பெட்டி நித்திரையால எழும்பும், டிவிய மட்டும் ரிமோட்டால போடோணும். டிவி புதுசா வாங்கிறவை இதையும் பாருங்கோ: ஏஎம்டியின்ர திறந்த ட்ரைவருக்குள்ள 4கே 120 முழுத் தரத்தில தாற எச்டிஎம்ஐ 2.1 வாறத, அந்தத் தரத்தை வகுக்கிற எச்டிஎம்ஐ ஃபோரம் 2024 இல மறுத்திட்டுது, எங்கட டிவி 4கே 60 எஃப்பிஎஸ் (செக்கனுக்கு 60 படம்) தான் எண்டபடியா எனக்கு ஒரு குறையும் தெரியேல்ல, 120க்கு ஆசைப்படுறவை யோசிக்கோணும்.

கரண்ட் பில்லுக்கு மீட்டர் வச்சுப் பாத்தனான், கேம் ஓடேக்க 200 வோட்டுக்குக் கிட்ட. ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டா மாசம் 12 யூனிட். 180 யூனிட் தாண்டினா ரேட் ஏறுற வீட்டில அது சின்னக் கணக்கில்ல. கேம் மோட்டில சைட் மெனுவில 60 எஃப்பிஎஸ் லிமிட் போட்ட உடன 150க்கு இறங்கிச்சு, கார்ட் சூடும் பத்துப் பாகைக்கு மேல குறைஞ்சது. கச்சான் காத்து அடிக்கிற வைகாசி, ஆனி, ஆடியில ஹோல் பகலில அனல் மாதிரி இருக்கும், அந்த மாசங்களில இந்த லிமிட் இல்லாம ஃபேன் சத்தத்தில டிவி கேக்காது.

பெட்டிக்கு வந்த உண்மையான சேதம் உப்புக் காத்தாலதான். கட்டி எட்டு மாசத்திலயே பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் துரு, ஒன்றரை வருசத்தில முன் யூஎஸ்பி ஒண்டு வேலை செய்யாம விட்டிட்டு, கேஸ் ஃபேன் ஒண்டு கறகற எண்டு சத்தம் போட்டு மாத்தினனான். மூண்டு மாசத்துக்கு ஒருக்காத் திறந்து ப்ரஷ்ஷால தூசி தட்டுறன், பாவிக்காத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டிருக்கு, யன்னலுக்கு நேர இருந்த பெட்டிய சுவர்ப் பக்கம் தள்ளி வச்சாச்சு. போர்டும் கார்டும் இன்னும் வடிவாத்தான் இருக்கு, ஆனா கேஸின்ர பின்தகடு அரிக்கத் தொடங்கிட்டு, அடுத்த தரம் வரேக்க அலுமினியக் கேஸ் ஒண்டு கொண்டு வந்து எல்லாத்தையும் அதுக்குள்ள மாத்தப் போறன்.