நாரி நோவுக்கு 24 தரப் பக்கேஜ்: காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

கோண்டாவிலில் வீட்டில் இருந்து தைக்கிறேன். 20 வருசமாக மெசினுக்கு முன்னால் குனிந்த வேலை. போன வருசம் மாசியில் தொடங்கிய நாரி நோ விடவில்லை. இடது காலுக்குள் கரண்ட் அடித்த மாதிரிக் கணுக்கால் வரை இறங்கும். குளிசை, எண்ணெய் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டினேன். கிணற்றடியில் வாளியைத் தூக்க முடியாமல் நின்ற ஒரு காலையில்தான், பேஸ்புக்கில் அடிக்கடி வந்துகொண்டிருந்த விளம்பரத்து நம்பருக்கு அடித்தேன். 'ஒப்பரேசன் இல்லாமல் டிஸ்க்கை இடத்துக்குக் கொண்டு வருவோம்' என்று போட்டிருந்தார்கள். டிஸ்க் என்பது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. யாழ்ப்பாண ரவுணுக்குள் இருக்கும் ஒரு தனியார் நிலையம். பெயர் எழுதவில்லை.

என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கீழ் முள்ளந்தண்டில் இரண்டு இடத்தில் டிஸ்க் வெளியில் வந்திருக்கிறது என்று காட்டினார்கள். "அக்கா, இப்ப காசைப் பார்த்தீங்கள் எண்டால் ஆறு மாசத்தில நடக்கேலாமல் போயிடும்" என்றார் அங்கே பொறுப்பாக இருந்தவர். அந்த ஒரு வசனத்தில் எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. 24 தரம் வர வேண்டும், 1,20,000 ரூபா, அன்றைக்கே கட்டினால் 15,000 கழிவு. கனடாவில் இருக்கும் தம்பி மகளின் படிப்புக்கென்று அனுப்பிய காசில் எடுத்துக் கட்டினேன். கையில் தந்தது ஒரு அட்டை. பற்றுச்சீட்டு கேட்டேன், அட்டைதான் பில் என்றார்கள்.

ஒவ்வொரு தரமும் ஒரே விசயம்தான். சூட்டுப் பை, கரண்ட் பட்டி, பிறகு இடுப்பைப் பட்டியால் கட்டி இழுக்கும் கட்டில். முக்கால் மணித்தியாலம் படுத்திருந்துவிட்டு வருவேன். அன்று பின்னேரம் வரைக்கும் சுகமாக இருக்கும், விடிந்தால் பழையபடி. ஒன்பதாம் தரம் முடிய இடது பாதத்தில் விறைப்புக் கூடியது. சொன்னேன். "அது நல்ல அறிகுறி அன்ரி, டிஸ்க் உள்ளுக்குப் போகுது" என்றான் மெசின் போடுகிற பிள்ளை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது இந்தப் பதில்தான். விறைப்புக் கூடுகிறது என்று ஒரு நோயாளி சொன்னால் எந்த மெசினையும் போட முதல் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். இடுப்புப் பெல்ட் ஒன்றுக்கு இன்னும் 9,500 வாங்கினார்கள். பதினொன்றாம் தரத்தோடு நின்றுவிட்டேன். மிச்சக் காசு கேட்டபோது, அட்டையின் பின்பக்கத்தில் சின்ன ஆங்கில எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள்: கட்டிய காசு திருப்பித் தரப்படாது.

பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் போதனா வைத்தியசாலைக்குப் போனேன். நாள் முழுக்கக் காத்திருந்தேன் என்பது உண்மை. ஆனால் டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலை எதிர்த்துத் தள்ளச் சொன்னார், முழங்காலில் தட்டினார், சலம் போவதில் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டார். கால் பலம் குறையவில்லை, ஒப்பரேசன் தேவையில்லை என்று பிசியோதெரப்பிக்கு எழுதிவிட்டார். ஒரு சதம் செலவில்லை.

பிசியோதெரப்பிஸ்ட் ஒரு இளம் பிள்ளை. "அக்கா, டிஸ்க் இடம் மாறி வழுக்கிப் போற சாமான் இல்லை. மேல் எலும்போடையும் கீழ் எலும்போடையும் இறுக்கி ஒட்டினபடிதான் இருக்கும். பிதுங்கினது கன பேருக்கு மாசக் கணக்கில தானாவே சுருங்கும்" என்றார். நோவே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் டிஸ்க் பிதுக்கம் தெரியுமாம். 2015இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், நோவில்லாத 20 வயதுக்காரரில் 30 சதவீதம், 80 வயதுக்காரரில் 84 சதவீதம். என்னை வெருட்டிய அந்தப் படத்துக்கு இவ்வளவுதான் அர்த்தம் என்று தெரிந்தபோது அழுகை வந்தது. இழுவை, கரண்ட் பட்டி, இடுப்புப் பெல்ட் எல்லாவற்றையும் நீண்டகால நாரி நோவுக்கு வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கிய மூன்றும் அதில் இருக்கிறது.

அவர் தந்த வேலை சின்னது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மெசினை விட்டு எழும்ப வேண்டும். காலையும் மாலையும் 10 நிமிட நடை, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டலாம். நிமிர்ந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது. செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பயப்பட வேண்டாம், அடுத்த நாளும் கூடியபடியே இருந்தால் அளவைக் குறைக்கலாம். கதிரையையும் உயர்த்தச் சொன்னார். முதல் மூன்று கிழமை ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடுவோமா என்றும் இருந்தது. நாலாம் மாதம் விறைப்புப் போய்விட்டது. நோ இன்னும் வந்து போகிறது, முக்கியமாக மழைக்காலத்தில் நடை குறைந்தால். ஆனால் இந்தத் தீபாவளிக்கு ஒரு சட்டையையும் திருப்பி அனுப்பவில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனால், சலம் அடைத்தால் அல்லது அடக்க முடியாமல் போனால், கால் பலம் இழந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உடற்பயிற்சிக்குக் காத்திருக்கும் விசயம் இல்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அடித்தேன். முதலில் கேட்டது பற்றுச்சீட்டு. என்னிடம் இருந்தது அந்த அட்டை மட்டும்தான். அதையும் பெல்ட்டின் படத்தையும் வைத்து எழுத்தில் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. தனியாரிடம் போகிறவர்கள் ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியாகக் கட்டி, தனித்தனியாகப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிசியோதெரப்பிஸ்ட் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா என்றும் கேளுங்கள். நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். உங்களுக்கும் இதே மாதிரி ஒரு அட்டை தந்திருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் முறைப்பாட்டைக் கொஞ்சம் கவனிப்பார்கள்.