சிங்கம் எங்கே என்று கேட்டார்கள்

ஆதி கிறிஸ்தவர்களின் காலத்தை வைத்துச் சரித்திர நாவல் எழுதுவதற்கு ஆறு வாரம் இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. ஆங்கிலத்தில் நடந்தது. போன மாதம்தான் முடித்தேன். பெயர் போடப் போவதில்லை, ஏனென்றால் திட்டவும் போகிறேன், திட்டு வாங்குகிறவர் பதில் சொல்ல இங்கே இல்லை. இந்த மாதிரி ஒன்றில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு எதைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பாடங்களுக்கு ஐந்துக்கு நாலரை. தனியாகக் காசு வாங்கிக்கொண்டு செய்து தரும் கைப்பிரதி மதிப்பீட்டுக்கு ஒன்று, அதுவும் பெரிய மனசு பண்ணி.

முதல் வாரமே என் முதல் பக்கம் போய்விட்டது. என் கதை கி.பி. 112 வாக்கில் நடக்கிறது, அதில் ஒரு கிழவி பேத்தியிடம் "இயேசு பிறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். இயேசு பிறந்த ஆண்டிலிருந்து வருஷம் எண்ணும் வழக்கத்தை தியோனிசியுஸ் எக்சிகுவஸ் என்ற துறவி தொடங்கிவைத்ததே 525இல்தான். என் கிழவிக்கு அந்த வருஷம் யார் கான்சல் (வருஷத்துக்குப் பெயர் தரும் ரோம உயர் அதிகாரி), பேரரசர் பட்டத்துக்கு வந்து எத்தனை ஆண்டு, அவ்வளவுதான் கணக்கு. மணியும் அப்படித்தான். சூரியன் உதித்து மறையும்வரை பன்னிரண்டு பங்கு, ஆகவே கோடையில் ஒரு மணி நேரம் நீளம், குளிர்காலத்தில் குட்டை. ஒன்பதாம் மணி என்று பைபிளில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அது பிற்பகல் மூன்று மணியளவு என்றும் தெரியும், ஆனால் அந்த மணி சுருங்கி நீளும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வகுப்பெடுத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: உங்கள் பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்று பட்டியல் போடாதீர்கள், என்ன தெரியாது என்று போடுங்கள். தாங்கள் ஆதி கிறிஸ்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னும் இரண்டு நூற்றாண்டு கழித்து பேரரசர் கான்ஸ்டன்டைன் வருவார், 313இல் வழிபட உரிமை கிடைக்கும் என்பதும் தெரியாது. பாதிப் பேர் உலகம் சீக்கிரமே முடியும் என்று இருந்தவர்கள், அவர்களைப் போய் வருங்காலத் தலைமுறைக்கு விதை போடுகிறவர்கள் மாதிரி பேசவைக்கிறோம். இதைக் கேட்டபிறகு என் கைப்பிரதியில் நாற்பது பக்கம் வெட்டினேன். வருத்தமே இல்லை.

போக்குவரத்து பற்றிய பாடம் சுமார். கூடப் படித்த ஒருவர் எழுதிய அத்தியாயத்தில் ஜனவரியில் ரோமிலிருந்து கப்பலில் கிளம்பிய கடிதம் பத்தே நாளில் கொரிந்து போய்ச் சேர்ந்திருந்தது. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியது என்று ரோமப் போர்க்கலை எழுத்தாளர் வெகேதியுஸ் எழுதி வைத்திருப்பதை எடுத்துக் காட்டியதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவருடைய கதையே அந்தக் கடிதத்தில்தான் தொங்குகிறது, பாவம்.

ஆனால் கொடுத்த காசு மொத்தத்துக்கும் ஈடானது ப்ளினி வாரம். கருங்கடல் ஓரத்துப் பித்தினியா-பொந்து மாகாணத்தின் ரோம ஆளுநராக இருந்த இளைய ப்ளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம், இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ள எல்லோருக்கும் பரிச்சயமானதுதான். நானும் பலமுறை படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருட மாட்டோம் விபசாரம் செய்ய மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்ற பகுதியோடு நாம் நிறுத்திவிடுகிறோம். வகுப்பெடுத்தவர் அந்த இரண்டு மூன்று பக்கத்தை வரிவரியாக, ஒரு வழக்குக் கட்டைப் பிரிப்பது மாதிரி பிரித்தார். யாரோ தன் பெயர் போடாமல், கிறிஸ்தவர்கள் இன்னார் இன்னார் என்று ஒரு பட்டியல் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பிடிபட்டவர்களில் சிலர், நாங்கள் அதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்கிறார்கள், இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்கிறவரும் உண்டு. இருபத்தைந்து வருஷம்! வாலிபத்தில் ஏதோ ஒரு வீட்டில் நாலு நாள் சாப்பிடப் போயிருப்பார், இப்போது தலை நரைத்தபிறகு அரசரின் சிலை முன்னால் சாம்பிராணியும் திராட்சை ரசமும் வைத்து கிறிஸ்துவைச் சபிக்கச் சொல்லி நிறுத்துகிறார்கள். அப்புறம் கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி: பலியிட்ட இறைச்சியை வாங்க இதுவரை ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது, இப்போது மறுபடி விற்கத் தொடங்கியிருக்கிறது என்கிறார் ப்ளினி. அந்த வரியைப் படித்துவிட்டு வகுப்பெடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார். எனக்குப் பளிச்சென்றது: கிறிஸ்தவர்கள் பெருகினால் நஷ்டம் இறைச்சி விற்பவனுக்கு. பட்டியலை எழுதியது யார் என்று ப்ளினி சொல்லவில்லை. நான் சொல்லலாம், நாவல்தானே. ஒரு இறைச்சி வியாபாரி, மூன்று பிள்ளைகள், கடன்.

அந்தக் கடிதத்தில் வரும் இரண்டு அடிமைப் பெண்கள்தான் என் கதை. பணிவிடைக்காரிகள் என்று கூட்டத்தார் அவர்களை அழைத்தார்களாம், உண்மையை வரவழைக்க அவர்களைச் சித்திரவதை செய்தேன் என்று ப்ளினியே எழுதுகிறார், பெயரைக்கூட எழுதவில்லை. நான் அவரைக் கொடுங்கோலனாக வைத்திருந்தேன். வகுப்பில் அதே ப்ளினி டிராஜனுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தையும் கூடவே கொடுத்தார்கள்: நிக்கொமேதியா நகரில் பெரிய தீ விபத்து, 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு வைக்கலாமா என்று கேட்கிறார், டிராஜன் வேண்டாம் என்கிறார், எந்தப் பெயரில் ஆள் சேர்த்தாலும் அது கடைசியில் அரசியல் சங்கமாகிவிடும் என்று. தீயணைக்கக்கூட நாலு பேர் சேரக் கூடாது என்று பயப்படுகிற ஊரில் விடியுமுன் கூடுவது எப்படி இருந்திருக்கும்! இதே டிராஜன்தான் கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதாசியை வாங்காதே, அது நம் காலத்துக்கே இழுக்கு என்றும் பதில் எழுதினார். நான் வில்லனாக எழுதியிருந்த ப்ளினி, கோப்பு பார்த்துக் களைத்த அதிகாரியாக மாறினார். அது இன்னும் பயங்கரமாக இருக்கிறது.

அடுத்து ஒரு பயிற்சி. 250இல் பேரரசர் டீசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை போட்டார், பலியிட்டதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் அவுரேலியஸ் டியோஜெனஸ் என்பவர், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டு, பானம் ஊற்றி, படைத்ததை ருசித்தேன், சான்று தாருங்கள் என்று மனு. இவர் கிறிஸ்தவர் என்று சொல்ல ஆதாரம் இல்லை, எல்லோரும்தானே வாங்க வேண்டியிருந்தது. பயிற்சி இதுதான்: அந்த 72 வயதுக்காரர் வரிசையில் நிற்கிறார், முன்னாலும் பின்னாலும் தெரிந்த முகங்கள், எழுதுங்கள். பதினான்கு பேர் பதினான்கு விதமாக எழுதினோம். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, குறைகள். வீடுகளைப் பற்றிய பாடத்தில் துரா யூரோப்போஸ் நகரத்து வீட்டுச் சபையைக் காட்டினார்கள். இன்றைய சிரியாவில் யூப்ரடீஸ் கரையில், இரண்டு அறைக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரு கூடம், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோடு சின்ன அறை, சுவரெல்லாம் ஓவியம். 256 வாக்கில் பாரசீகச் சாசானியர் முற்றுகையின்போது மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணுக்குள் புதைந்ததால் தப்பித்தது, 1930களில் தோண்டி எடுத்தார்கள். படங்கள் அருமை. ஆனால் கையோடு, அப்போஸ்தலர் பவுல் காலத்துக் கொரிந்தில் கூட்டம் நடந்த வீட்டுக்கும் இதையே மாதிரியாக வைத்து எழுதுங்கள் என்றதுதான் இடித்தது. பவுல் கொரிந்தில் இருந்தது 50களின் தொடக்கம், இந்த வீடு மாற்றிக் கட்டப்பட்டது 3ஆம் நூற்றாண்டில். கிட்டத்தட்ட 190 வருஷ வித்தியாசம். தேதி விஷயத்தில் எங்களை உலுக்கி எடுத்தவர், தன் பாடத்தில் கோட்டை விட்டுவிட்டார். கேட்டேன். "வேறு மாதிரி இல்லையே" என்றார். இல்லை என்றால், கொரிந்தில் பவுலைத் தங்கவைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரத் தொழில் செய்தவர்கள், பட்டறையிலேயே கூடியிருக்கலாம், தோல் நாற்றத்தோடு எழுதிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாமே.

இன்னொன்று, இதை அவர்கள் குறை என்று சொல்ல முடியாது, ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொண்டு சேர வேண்டும். நம் பெரிய தலைவலிக்கு அங்கே மருந்து கிடையாது. நம் கையில் இருப்பது பைபிள் தமிழ். என் பாத்திரங்கள் சந்தையில் வெங்காயம் வாங்கும்போதுகூட "மெய்யாகவே மெய்யாகவே" என்கிற தொனிக்குப் போய்விடுகிறார்கள். பவுல் என்பதா சின்னப்பர் என்பதா, பேதுருவா இராயப்பரா, எதை எழுதினாலும் எந்தச் சபைக்காரன் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார். ஞானஸ்நானம் என்று எழுதினால் ஒரு வாசனை, திருமுழுக்கு என்றால் வேறு. மூலக் கிரேக்கத்தில் அது தண்ணீரில் அமிழ்த்துவதற்கான சாதாரணச் சொல். சபை என்று நாம் எழுதும் எக்லேசியாவும் அப்படியே, எபேசு பட்டணத்துக் குடிமக்கள் கூட்டத்துக்கும் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் அதே சொல்தான். சாதாரணமாக இருந்த சொற்கள், நமக்கு வந்து சேரும்போது கோயில் சொற்களாகிவிட்டன. நான் இப்போதைக்கு "கூட்டம்", "முழுகினாள்" என்று வைத்திருக்கிறேன். சில இடத்தில் பொருந்துகிறது, சில இடத்தில் ஏதோ மாநாட்டு அறிக்கை மாதிரி இருக்கிறது.

இனி அந்த மதிப்பீடு. ஐம்பது பக்கம் அனுப்பினால் அனுபவமுள்ள வாசகர் ஒருவர் படித்து அறிக்கை தருவார் என்று விளம்பரம். மூன்று வாரம் கழித்து ஒன்றரைப் பக்கம் வந்தது. "ஆபத்து போதவில்லை, சிங்கம் எங்கே?" என்று முதல் வரி, அதாவது கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடும் காட்சி எங்கே என்று. நாயகி கேட்டகோம்பு என்ற நிலத்தடிச் சுரங்கத்தில் ஒளிந்திருந்தால் விறுவிறுப்பு கூடுமாம். கதை நடப்பது கருங்கடல் பக்கம், கேட்டகோம்புகள் ரோமில், தவிர அவை கல்லறைகள், மறைவிடம் அல்ல என்று இவர்களுடைய ஐந்தாம் வாரப் பாடத்திலேயே இருக்கிறது. ஒருவர் மணலில் பாதி மீன் வரைய, மற்றவர் மீதியை வரைந்து கிறிஸ்தவர் என்று அடையாளம் காட்டச் சொல்லியிருந்தார், அதற்குப் பழைய ஆதாரம் எதுவும் கிடையாது என்பதும் அதே பாடம். பேரரசர் நீரோ கொலோசிய அரங்கில் செய்த கொடுமைகளைக் கிழவி நினைத்துப் பார்க்கலாமாம். நீரோ செத்தது 68இல், கொலோசியம் திறந்தது 80இல். உச்சம் எதுவென்றால், நாயகி ஏன் ஒருமுறைகூடப் புதிய ஏற்பாட்டைத் திறந்து படிக்கவில்லை என்று ஒரு கேள்வி. இன்றைக்கு நாம் வைத்திருக்கும் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டு அலெக்சாந்திரியா ஆயர் அதனசியுஸ் கடிதம் எழுதியது 367இல். அவள் எதைத் திறப்பாள்?

ஆக, பாடம் எடுப்பவர் வேறு, மதிப்பீடு செய்பவர் வேறு, இவர் பாடத்தை அவர் கேட்டதே இல்லை. சேருவதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் பக்கங்களை யார் படிக்கப் போகிறார்கள்? நேராகப் பதில் வராவிட்டால் பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரலைக் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள், பதிவில் பார்த்தால் பாதி ருசிதான்.

புகார் எழுதியிருந்தேன். காசைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் இரண்டாவதாக ஒருவரை இலவசமாகப் படிக்கச் சொல்கிறோம் என்று நேற்று பதில் வந்திருக்கிறது. அவர் ப்ளினியின் கடிதத்தைப் படித்திருக்கிறாரா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.