முதல் டீ: கடைப் பால் டீயா, நீலகிரி இலைத் தேநீரா?

வளர்ந்தபின் முதன்முறையாக டீ குடிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது நீலகிரி இலைத் தேநீரைத்தான்.

கடை டீயில் போடுவது பெரும்பாலும் சி.டி.சி. டஸ்ட் எனும் பொடித் தூள். உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது. சாயம் சட்டென்று இறங்கும், துவர்ப்பும் சேர்ந்தே இறங்கும். பாலில் உள்ள கேசின் புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு தப்பிக்கிறது. ஆனால் முதல் மடக்கில் தெரிவது பாலும் சர்க்கரையும்தான். டீயின் ருசி எங்கோ பின்னால் நிற்கும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஆர்த்தடாக்ஸ் முறையில், அதாவது இலையைக் கிழிக்காமல் உருட்டிச் செய்யும் முழு இலை வேறு ரகம். ஒரு டீஸ்பூன் இலை, கொதி அடங்கிய 200 மில்லி வெந்நீர், மூடிபோட்டு 3 நிமிடம். சுருண்ட இலை மெல்ல விரியும், நீர் பொன்னிறமாகும், லேசான பூ வாசம் ஆவியோடு வரும். உடனே வடிகட்டிவிடுங்கள், அதிகம் ஊறினால் துவர்த்துவிடும். முதல் கோப்பையில் சர்க்கரைகூட வேண்டாமே!

பால் காபி பழகியவரா? சரி, கடை டீயிலேயே தொடங்கலாம். லைட்டாக, சர்க்கரை கம்மியாகக் கேளுங்கள். எதுவானாலும் வெறும் வயிற்றில் வேண்டாம், சிலருக்குக் குமட்டும்.