ஃபர்லோ கோரிக்கை: முகவரிடம் ஒப்படைப்பதா, நாமே கணக்கிடுவதா?

பிரிட்டனின் கொரோனா காலத்து வேலைத் தக்கவைப்புத் திட்டத்தில் (ஃபர்லோ, அதாவது பணியாளரை நீக்காமல் தற்காலிக விடுப்பில் வைத்து, அவர் ஊதியத்துக்கு அரசிடம் மானியம் பெறுவது) 12 பணியாளர்களுக்கான ஊதிய மானியக் கோரிக்கைகளை முதல் நான்கு மாதம் பேரோல் முகவர் (எங்களுக்காகச் சம்பளக் கணக்கைப் பார்க்கும் வெளி நிறுவனம்) வழியாகவும், பிறகு எங்கள் சொந்த எக்செல் தாளிலும் தயாரித்தேன். திட்டம் 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்துவிட்டாலும், கோரிக்கைக்கான ஆவணங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் இந்த ஒப்பீடு இன்னும் காலாவதியாகிவிடவில்லை.

2020 ஜூன் வரை முகவரே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபர்லோவில் இருந்தவர் அப்போது எங்களுக்காக வேலையே செய்யக்கூடாது. வழக்கமான ஊதியத்தில் 80 விழுக்காடு, உச்சவரம்பு மாதம் 2,500 பவுண்டு என்ற கணக்குக்கு முகவரிடம் ஏற்கெனவே இருந்த சம்பள விவரமே போதுமானதாக இருந்தது. கட்டணம், நேர மிச்சம் ஆகியவை யாவரும் அறிந்தவை.

ஜூலை 1 முதல் பகுதி நேர ஃபர்லோ, அதாவது சில மணி நேரம் வேலை செய்து மீதி நேரம் ஃபர்லோவில் இருக்கும் முறை, வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. வாரம் 37 மணி நேர ஒப்பந்தமுள்ள ஒருவருக்கு 31 நாள் மாதத்தில் வழக்கமான நேரம் எவ்வளவு? 37ஐ 7ஆல் வகுத்து 31ஆல் பெருக்கினால் 163.86, அதை மேல்நோக்கி முழு எண்ணாக்கி 164 என்று கொள்ள வேண்டும். அவர் 60 மணி வேலை செய்திருந்தால் ஃபர்லோ நேரம் 104. மாத ஊதியம் 1,800 பவுண்டு எனில், அதன் 80 விழுக்காடான 1,440ஐ 104/164 ஆல் பெருக்க 913.17 பவுண்டு கிடைக்கும். இந்தக் கணக்கில் கடினமானது வகுத்தலோ பெருக்கலோ அல்ல, அந்த 60 என்ற எண்தான். அது எங்கள் பணிநேரப் பதிவேட்டில் இருந்ததே தவிர முகவரிடம் இல்லை. மின்னஞ்சலில் அனுப்பி, பின்னர் ஒரு ஷிஃப்ட் மாறியதும் திருத்தம் அனுப்பி, எந்தத் திருத்தம் கோரிக்கையில் ஏறியது என்று தெரியாமல் ஒரு மாதம் தவித்தோம். நவம்பர் முதல் மாதம் முடிந்த 14 நாளுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும் என்ற விதி வந்தபோது, அத்தகைய கடிதப் போக்குவரத்துக்கு இடமே இல்லாமல் போயிருக்கும்.

சொந்தத் தாளில் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு ஒரு வரி என வைத்துக்கொண்டோம். வழக்கமான நேரம், வேலை செய்த நேரம், கோரிய தொகை, கையெழுத்தான ஃபர்லோ ஒப்பந்தக் கடிதத்தின் தேதி எல்லாம் அதே வரியில் இருக்கும். பின்னாளில் யாராவது கேட்டால் தொகையை மட்டுமல்ல, அது வந்த வழியையும் காட்ட முடிந்தால்தான் ஆவணம் என்று பெயர். முகவர் எங்களுக்குத் தந்தது கூட்டுத்தொகை மட்டும்தான். பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் இணையக் கணிப்பான் சரிபார்க்க உதவியது. ஆனால் அதன் விடையை நாம்தான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அரசின் பங்கு 2020 செப்டம்பரில் 70, அக்டோபரில் 60 விழுக்காடாகக் குறைந்து, நவம்பரில் மீண்டும் 80 ஆனதைப் போன்ற மாற்றங்களை முகவரின் மென்பொருள் தானாகவே பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் சூத்திரத்தை ஒவ்வொரு முறையும் கையால் மாற்றினோம். ஊதியம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் எங்களிடம் இருவர் மட்டுமே. முந்தைய ஆண்டின் அதே மாத ஊதியம், 2019-20 சராசரி ஆகியவற்றில் எது அதிகம் என்று அவர்களுக்குப் பார்ப்பது எளிதாகவே இருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஐம்பது பேர் இருந்திருந்தால் எக்செல் தாளை இவ்வளவு உறுதியாகப் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.