எக்ஸ்பிஆர்எல் கணக்குகளை அலச: பேஸ்எக்ஸா, டக்டிபியா?

அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி, 2009 முதல் படிப்படியாக நிறுவனங்களின் நிதி அறிக்கைகளை எக்ஸ்பிஆர்எல் வடிவில் வாங்கத் தொடங்கியது. இது வருவாய், இது சரக்கு இருப்பு என்று ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு டேக் இருக்கும். அந்தக் குவியலில் தேட முதலில் பேஸ்எக்ஸில் ஆறு மாதம் ஓட்டினேன். இப்போது டக்டிபி; இது டேபிள்களை அலசுவதற்கான டேட்டாபேஸ். இரண்டுமே இலவசம். வேகத்தில் டக்டிபி முந்தும் என்பதில் சண்டையில்லை.

பேஸ்எக்ஸை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. எக்ஸ்பிஆர்எல் அடிப்படையில் எக்ஸ்எம்எல், அதாவது டேக்குகளால் தகவலைக் குறிக்கும் ஃபைல் வடிவம்; பேஸ்எக்ஸ் அதற்கென்றே பிறந்த டேட்டாபேஸ். ஃபைலை அப்படியே போடலாம், எதுவும் தொலையாது. ஆனால் எண்ணோடு தேதி ஒட்டிக்கொண்டு வராது; அது வேறோர் இடத்தில் இருக்கும். ஒவ்வொரு க்வெரியிலும் (தேடல் கட்டளையிலும்) இரண்டையும் இணைத்தாக வேண்டும். சரி, அது பழகிவிடும்.

பழகாதது பராமரிப்பு. ஒரு நிறுவனத்தின் ஒரே அறிக்கையோடு அதன் சொந்த டேக் பட்டியல், பெயர்கள், வரிசை, கூட்டல் விதிகள் என்று நாலைந்து ஃபைல்கள் சேர்ந்து வரும். புதிதாக ஏற்றிய பிறகு, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸைப் புதுப்பிக்க வேண்டும்; மறந்தால் க்வெரி நொண்டும். டக்டிபியில் இந்தப் பாடே இல்லை. எஸ்இசியே காலாண்டுக்கு ஒருமுறை சப் (அறிக்கை விவரம்), நம் (எண்கள்), டேக், ப்ரீ (அறிக்கையில் வரும் வரிசை) என நான்கு டேபிள்களாகப் பிரித்து ஜிப்பில் தருகிறது. பிரித்து, பார்க்கே என்ற டேபிள் ஃபைல் வடிவுக்கு மாற்றி ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. சர்வர் கிடையாது, இரவில் எழுப்பும் அலாரமும் கிடையாது.

ஒரு பொறி மட்டும் உண்டு. 2022ஆம் ஆண்டு வருவாய், 2023, 2024 அறிக்கைகளிலும் ஒப்பீட்டுக்காகத் திரும்ப வரும். கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் மூன்று மடங்கு, நானும் கூட்டியிருக்கிறேன். கடைசியாகத் தாக்கல் செய்ததை மட்டும் வைத்துக்கொள்ள டக்டிபியில் வரிகளை வடிகட்டும் க்வாலிஃபை என்ற கட்டளை ஒரே வரியில் உதவுகிறது. அன்றைக்கு முதலீட்டாளருக்குத் தெரிந்த எண்தான் வேண்டுமென்றால், வரிசையைத் திருப்பி முதலில் தாக்கல் செய்ததை எடுக்கலாம்.

டக்டிபி வழியில் இழப்பும் உண்டு. அந்த நான்கு டேபிள்களில் கூட்டல் விதிகள் இல்லை. பின்குறிப்புகளின் விவரமும் இல்லை; அதற்கு எஸ்இசியின் பெரிய தொகுப்புக்குப் போக வேண்டும். காலாண்டு முடியும்வரை புது அறிக்கையும் இதில் வராது. மொத்தச் சொத்து சரியாகக் கூடுகிறதா என்று விதிப்படி சரிபார்க்கத்தான் பேஸ்எக்ஸை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கிராஃப் டேட்டாபேஸான நியோஃபோர்ஜேயை ஒரு வார இறுதியில் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். டேக்குகளுக்கிடையே உள்ள உறவைத் துழாவ வசதியாகத் தெரிந்தது. வருடக்கணக்கில் ஓட்டியவர்கள்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்புறம், வருவாய்க்கான டேக்கே 2018 வாக்கில் புதிய கணக்கியல் விதியோடு பல நிறுவனங்களில் மாறியது. பழையதையும் புதியதையும் பொருத்தும் பட்டியலை எந்த டேட்டாபேஸ் எடுத்தாலும் கையால்தான் எழுத வேண்டும். என்னுடையது இப்போது இருநூறு வரியைத் தாண்டிவிட்டது.